ஏடுகளில் இல்லாத நோய்: குழந்தைகளின் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்குக் காரணம் தேடிய வரலாறு

(பதிவு சற்று நீளமானது. மருத்துவ வரலாறும் சமூக வரலாறும் பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

பெங்களூர் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது பவுரிங் மருத்துவமனை. 1862 முதல் 1870 வரை மைசூரின் தலைமை ஆணையராக இருந்த லெவின் பெந்தம் பவுரிங்கின் பெயரைத் தாங்கியது. பின்னர் பெண்களுக்கான லேடி கர்சன் மருத்துவமனையும் அதனோடு சேர்ந்தது. அக்காலத்தில் இப்பகுதிக்குப் பிளாக்பள்ளி என்று பெயர். 1809-ஐ ஒட்டி ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு இங்கே தண்டிறங்கியபோது, சென்னைப் படையோடும் அதற்குப் பணிபுரியவும் வந்த தமிழர்கள் இந்தத் தெருக்களில் குடியேறினர். தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அந்தத் தண்டு இன்றும் வாழ்கிறது.

ஒன்றரை நூற்றாண்டாக இம்மக்கள் தம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மருத்துவமனை இது. அப்பிள்ளைகளுள் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெட்டு இறந்தவர்கள் எத்தனை பேர்? எதனால் கெட்டது? இக்கேள்வியோடு காலனியகாலப் பொதுச் சுகாதார அறிக்கைகளைத் திறக்கும் ஆய்வாளர் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார். அவ்வறிக்கைகளின் இறப்பு அட்டவணையில் இருந்த தலைப்புகள் மிகச் சில: காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், சீதபேதியும் வயிற்றுப்போக்கும், சுவாச நோய்கள், காயங்கள், பிற. சிறுநீரகம் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்கைப் பற்றி இன்று நூல்கள் எழுத முடிகிறது. அதே ஆண்டில் வீங்கிய முகத்தோடும் வெளிறிய உதட்டோடும் இறந்த ஒரு குழந்தை ‘காய்ச்சல்’ என்றோ ‘பிற’ என்றோ பதிவாகியிருக்கும்.

இந்த இன்மையைப் பற்றியதே இக்கட்டுரை. ஒரு நோய்க்குக் காரணம் கண்டறியப்படுவதற்கு நுண்ணோக்கி மட்டும் போதாது. எழுதப்பட்ட ஏடும் வேண்டும். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1. காலம் கடந்து தெரியும் நோய்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. கருவின் 36-ஆவது வார வாக்கில் அவை உருவாவது நின்றுவிடுகிறது. அதன்பின் இழந்தவை இழந்தவையே. புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. சில நெஃப்ரான்கள் அழியும்போது மீதமுள்ளவை அவற்றின் சுமையையும் ஏற்று வேலை செய்கின்றன. அந்த மிகையுழைப்பால் அவையும் தழும்பேறி அழிகின்றன. எனவே முதற்காயம் ஆறிய பிறகும் சேதம் தொடர்கிறது. பிறக்கும் முன்னரோ இரண்டு வயதிலோ நேர்ந்த தீங்கு, பன்னிரண்டு வயதிலோ முப்பது வயதிலோ செயலிழப்பாக வெளிப்படலாம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தை அழுவதும் இல்லை. காய்ச்சலில் துடிப்பதும் இல்லை. வளர்ச்சி குன்றுகிறது, ரத்தம் குறைகிறது, கால் எலும்பு வளைகிறது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறது. வீட்டார் ‘நோஞ்சான் பிள்ளை’ என்பார்கள். மருத்துவரும் நெடுங்காலம் ரிக்கெட்ஸ், ரத்தசோகை, சத்துக்குறைவு என்றே எழுதினர். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள் கிடக்கும் நோயில், இவ்விரண்டையும் ஒருங்கே காணும் மனிதர் அரிது. முதலில் பார்த்த மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார். குடும்பம் வேறு ஊருக்குப் போயிருக்கும்.

1827-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீக்கத்தையும், சூடாக்கினால் உறையும் சிறுநீரையும், பிணக்கூறாய்வில் கண்ட சிதைந்த சிறுநீரகத்தையும் ஒன்றோடொன்று இணைத்தார். கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டும் எளிய சோதனை அது. ‘பிரைட் நோய்’ என்ற பெயர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. காரணங்களாகக் குளிர், குடி, ஸ்கார்லெட் காய்ச்சல் ஆகியவை பேசப்பட்டன. இவற்றுள் மூன்றாவது குழந்தைகளைச் சார்ந்தது. தொண்டைத் தொற்றுக்கு இரண்டொரு வாரத்தில் வீக்கம் தோன்றுவதால் அத்தொடர்பு கண்ணுக்குப் பட்டது. இடைவெளி வாரங்களில் இருந்தால் காரணம் புலப்படுகிறது. ஆண்டுகளில் இருந்தால்?

2. பிரிஸ்பேனின் வராந்தாக்கள்

அந்த வினாவுக்கு முதல் விடை கிடைத்தது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில். இவ்வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1890-களில் பிரிஸ்பேன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜெஃபெரிஸ் டர்னரும் அவருடைய சக மருத்துவர்களும் விசித்திரமான நோயாளிகளைக் கண்டனர். வயிற்றுவலி, மணிக்கட்டும் பாதமும் தொங்குதல், வலிப்பு, பார்வைக் கோளாறு. ஈய நஞ்சு என்று அடையாளம் கண்டனர். ஆனால் சாயத் தொழிற்சாலைப் பக்கமே போகாத பிள்ளைகளுக்கு ஈயம் எங்கிருந்து வந்தது? 1904-இல் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் விடையை முன்வைத்தார். அங்குள்ள மரவீடுகளுக்கு நீண்ட வராந்தா உண்டு. அதன் கைப்பிடிக் கம்பிகளில் வெள்ளை ஈயப் பெயின்ட் பூசியிருந்தனர். வெயிலில் அது மாவாக உதிர்ந்தது. கம்பியைப் பிடித்து விளையாடிய பிள்ளைகள் விரலைச் சப்பினர், நகத்தைக் கடித்தனர். நஞ்சு உள்ளே போனது.

கிப்சனின் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. பெயின்ட் அழகுக்கும் பாதுகாப்புக்கும் உரிய நற்பொருள் என்பது அன்றைய பொதுப்புத்தி. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1922-இல், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஈயப் பெயின்ட் பூசுவதைக் குவீன்ஸ்லாந்து சட்டத்தால் தடைசெய்தது. உலகில் இவ்வகையில் எழுந்த முற்பட்ட சட்டங்களுள் இது ஒன்று.

இதுவரை சிறுநீரகம் பேசப்படவில்லை. 1929-இல் ஜார்விஸ் நை என்னும் மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். குவீன்ஸ்லாந்தில் இளைஞர்கள் நாட்பட்ட சிறுநீரக அழற்சியால் இறப்பது மற்ற மாநிலங்களைவிட மிகுதியாக இருந்தது. இவர்கள் சிறுவயதில் ஈய நஞ்சுக்கு ஆளானவர்களோ என்று அவர் ஐயுற்றார். ஐயம் வலுவானது, மெய்ப்பிக்க ஏடு வேண்டியிருந்தது.

அவ்வேட்டைத் திறந்தவர் ஹென்டர்சன். 1915-க்கும் 1935-க்கும் இடையில் பிரிஸ்பேனில் ஈய நஞ்சு என்று கண்டறியப்பட்ட 401 குழந்தைகளின் பெயர்களை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து எடுத்தார். அப்பெயர்களை இறப்புச் சான்றுகளோடு ஒப்பிட்டார். 1954-இல் வெளியான முடிவு இது: 401 பேரில் 165 பேர் நாற்பது வயதுக்கு முன்பே இறந்திருந்தனர். அவர்களில் 108 பேரின் இறப்புக்குச் சிறுநீரக அழற்சியோ உயர் ரத்த அழுத்தமோ காரணம். ஆஸ்திரேலியப் பொதுமக்களிடையே எதிர்பார்க்கத்தக்க அளவைவிட இது பன்மடங்கு அதிகம்.

ஹென்டர்சன் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு ஏடுகளை அருகருகே வைத்துப் படித்தார். குழந்தை மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடு ஒன்று. அரசின் இறப்புப் பதிவேடு மற்றொன்று. இரண்டிலும் பெயர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது, இரண்டும் பாதுகாக்கப்பட்டிருந்தன. 1960-களில் பிரையன் எமர்சன் இன்னொரு சான்றைச் சேர்த்தார். உடலில் நுழையும் ஈயம் எலும்பில் படிந்து பல்லாண்டு தங்குகிறது. ஈடிடிஏ என்னும் மருந்தைச் செலுத்தினால் அது சிறுநீரில் வெளியேறும். பழைய நோயாளிகளிடம் அவ்வாறு மிகுதியான ஈயம் வெளிவந்ததை அவர் காட்டினார்.

வரலாற்று மாணவர்கள் இங்கே நிறுத்திவிடக் கூடாது. 1992-இல் சிகாகோவிலிருந்து வந்த ஆய்வு எதிர்த்திசையைக் காட்டியது. சிறுவயதில் கடுமையான ஈய நஞ்சுக்கு ஆளாகி, ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை பெற்றவர்களை 17 முதல் 23 ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தபோது, சிறுநீரகச் செயல்பாடு பெரும்பாலும் இயல்பாகவே இருந்தது. குவீன்ஸ்லாந்துப் பிள்ளைகளோ சிகிச்சை பெறாதவர்கள். ஆண்டுக்கணக்கில் அதே வராந்தாவில் வாழ்ந்தவர்கள். ஈயம் என்ற ஒரு சொல்லைக் காரணம் என்று எழுதி முடித்துவிட முடியாது. எவ்வளவு, எத்தனை நாள், சிகிச்சை கிடைத்ததா என்பவையும் காரணத்தின் பகுதிகளே.

3. விரைந்த சாவும் மெல்லிய சாவும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். குழந்தைகளின் சிறுநீரகம் இங்கே பொதுவெளியில் பேசப்பட்ட தருணங்களை எண்ணிப் பாருங்கள். 1972-இல் சென்னையில் டைஎத்திலீன் கிளைகால் கலந்த மருந்தால் 14 குழந்தைகள் இறந்தனர். 1998-இல் தில்லியை ஒட்டிய பகுதியில் அதே நஞ்சு 33 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்காவில் 1937-இல் இதே வேதிப்பொருள் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதன் விளைவாகவே 1938-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் பிறந்தது.

இவை அனைத்தும் திடீர்ச் செயலிழப்புகள். மருந்து குடித்த சில நாள்களில் சிறுநீர் நின்றுபோகிறது. ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒரே குப்பியைக் குடித்த பிள்ளைகள். எனவே செய்தியாகிறது, வழக்காகிறது, விசாரணை நடக்கிறது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இவ்வாறே இறந்தபோது லென்டின் ஆணையம் அமைந்தது. மெல்லிய சாவுக்கு ஆணையம் இல்லை. ஒரு தெருவில் ஒரு பிள்ளை, அடுத்த ஆண்டு வேறொரு தெருவில் மற்றொரு பிள்ளை. அவ்விருவரையும் ஒரே வரியில் எழுதும் ஏடு எங்கும் இல்லை.

இடைப்பட்ட ஒரு நிலையையும் சொல்ல வேண்டும். 1978-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ஷிகெல்லாக் கிருமியால் வரும் சீதபேதியைத் தொடர்ந்து தென்னிந்தியக் குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் பழுதாகும் நிலையை விவரித்தனர். மேலைநாடுகளில் ஈ.கோலைக் கிருமியோடு பேசப்படும் நோய் இங்கே சீதபேதியோடு வந்தது. பிழைத்த பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் நாட்பட்ட செயலிழப்பு ஏற்படக்கூடும். காலனிய அட்டவணையில் ‘சீதபேதியும் வயிற்றுப்போக்கும்’ என்ற தலைப்பின் கீழ் இறந்தோர் கணக்கு இருக்கிறது. பிழைத்தோர் சுமந்து சென்ற சேதத்தின் கணக்கு இல்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் அருகருகே ஓடிய நெரிசலான குடியிருப்புகளின் வரலாற்றை எழுதுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் நம் குழந்தைகளின் நாட்பட்ட செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் எது? தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவர்கள் 2003-இல் 305 குழந்தைகளின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு. கால்பங்குக்குச் சற்று மேற்பட்டோருக்கு வடிமுடிச்சுகளின் நாட்பட்ட அழற்சி. ஆறில் ஒருவருக்குச் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிப் பாய்வதால் ஏற்பட்ட தழும்பு. பரம்பரை நோயும் பிறவியிலேயே சரியாக உருவாகாத சிறுநீரகமும் அடுத்தடுத்து வந்தன.

இப்பட்டியலில் மனத்தை உறுத்துவது முதற்காரணம். ஆண் குழந்தைகளின் சிறுநீர் வெளியேறும் குழாயில் பிறவியிலேயே இருக்கும் சிறு சவ்வுமடிப்பை 1919-இலேயே ஹ்யூ ஹாம்ப்டன் யங் வகைப்படுத்தினார். சிறுநீர் பின்னோக்கிப் பாய்வதற்கும் சிறுநீரகத் தழும்புக்கும் உள்ள தொடர்பை 1960-இல் ஹாட்சனும் எட்வர்ட்ஸும் நிறுவினர். இவை அறியப்பட்ட காரணங்கள். இன்று கருவிலிருக்கும்போதே ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிகிறது. பிறந்தவுடன் அம்மடிப்பை நீக்கிவிடலாம். அதன் பின்னும் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் கெடுவதுண்டு. கருவிலேயே சேதம் நேர்ந்துவிடுவதே அதற்குக் காரணம். ஆனால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கும் மகனைப் பார்த்து ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருந்து, எட்டு வயதில் அழைத்துவரும் தாய்க்கு மருத்துவர் சொல்லும் காரணம் ‘அடைப்பு’. வரலாற்றாசிரியர் அதே இடத்தில் எழுத வேண்டிய காரணங்கள் இன்னும் சில: எட்டாத ஸ்கேன், இழக்க முடியாத நாட்கூலி, பெயர் தெரியாத நோய்.

4. மைசூரின் பேறுகாலப் பதிவேடுகள்

1988-இல் பேரி பிரென்னரும் அவருடைய குழுவினரும், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு நெஃப்ரான்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்கலாம், பிற்கால ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அதுவே வித்தாகலாம் என்ற கருதுகோளை முன்வைத்தனர். தாயின் பசி மகளின் சிறுநீரகத்தில் எழுதப்படுகிறது என்றால், பஞ்சத்தின் வரலாறும் சிறுநீரகத்தின் வரலாறும் ஒன்றாகிவிடுகின்றன.

இத்தகைய கருதுகோளைச் சோதிக்க இந்தியாவில் ஏடு உண்டா? உண்டு, கர்நாடகத்திலேயே உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைப் பேறுகாலப் பணியாளர்கள் குறித்து வைத்திருந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் அக்குறிப்புகளைக் கொண்டு, அங்கே பிறந்து அதே ஊரில் வாழ்ந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்தனர். 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்த 517 பேரை ஆராய்ந்து, பிறப்பெடைக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை 1996-இல் வெளியிட்டனர். அது இதயத்தைப் பற்றிய ஆய்வு. ஆயினும் அதன் வழிமுறை ஹென்டர்சனுடையதேதான்: பழைய ஏடும் இன்றைய மனிதரும் ஒரே மேசையில். நாற்பதுகளில் இரவுப்பணியில் தராசின் முள்ளைப் பார்த்து எண்ணை எழுதிய செவிலிக்கு, அது யாருக்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

5. மீண்டும் சிவாஜிநகர்

ஈயத்தின் கதை பெங்களூரிலும் ஒரு முக்கிய அத்தியாயத்தைக் கொண்டது. 1990-களின் இறுதியில் ஜார்ஜ் அறக்கட்டளை நம் பெருநகரங்களில் ரத்த ஈய அளவைச் சோதித்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட நகர்ப்புறக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம், அன்று எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்பட்ட டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைவிட மிகுதியான ஈயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரில் இதற்கெனப் பன்னாட்டு மாநாடு கூடியது. புனித யோவான் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் ஈய நஞ்சுக்கான தேசியப் பரிந்துரை மையத்தை வழிநடத்தினார். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. 2001-இல் பேட்டரி விதிகள் வந்தன. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குவீன்ஸ்லாந்தின் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 95 ஆண்டுகள்.

1999-இல் ஐந்து வயதாக இருந்த குழந்தைக்கு இன்று முப்பதைத் தாண்டியிருக்கும். குவீன்ஸ்லாந்துப் பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டு இறக்கத் தொடங்கிய வயது ஏறத்தாழ அதுதான். நம் நகரத்து அளவுகள் பிரிஸ்பேனின் அளவுகளுக்கு மிகக் கீழே இருந்தன. எனவே அதே முடிவை எதிர்பார்ப்பது பிழை. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் அதே கேள்வி. பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப்பாகங்கள் விற்கும் குஜிரிக் கடைகள் நிறைந்த சிவாஜிநகரில் அதைக் கேட்பது பொருந்தும். அக்குழந்தைகள் இப்போது எங்கே? அவர்களுடைய ரத்த அழுத்தம் என்ன?

இங்கேதான் பெங்களூரின் தனிச்சிக்கல் குறுக்கிடுகிறது. 1881-இல் மைசூர் மன்னரிடம் திரும்பியபோது தண்டுப்பகுதி ஆங்கிலேயர் வசமே தங்கியது. 1947-இல்தான் மைசூருடன் சேர்ந்தது. 1949-இல் மாநகராட்சி உருவாகும்வரை பேட்டைக்கு ஒரு நகராட்சி, தண்டுக்கு வேறொரு நகராட்சி. பிளாக்பள்ளியில் பிறந்து பேட்டையில் இறந்த பிள்ளையின் பிறப்பு ஓர் அரசின் ஏட்டிலும், இறப்பு மற்றோர் அரசின் ஏட்டிலும் கிடக்கும். தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் சொல்லப்பட்ட பெயரை ஆங்கில எழுத்தர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதினார். ஹென்டர்சனுக்குக் கிடைத்த வசதி நமக்கு எளிதில் கிடைக்காது.

ஆயினும் முழுவதும் கைநழுவிப் போகவில்லை. மிஷன் மருத்துவமனைகளின் சேர்க்கைப் பதிவேடுகள், தேவாலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள், கபர்ஸ்தான்களின் கணக்குகள், பள்ளிகளின் வருகைப்பதிவு ஆகியவற்றில் வயதோடும் தெருவோடும் குழந்தைகளின் பெயர்கள் இருக்கின்றன. கரையான் அரிக்கும் முன்னும், பழைய காகித விலைக்குப் போகும் முன்னும் அவற்றை மின்னுருவாக்க வேண்டும். நோயாளியின் தனியுரிமையைக் காக்கும் நெறிமுறைகளோடு இதைச் செய்ய முடியும். மருத்துவ மாணவரும் வரலாற்று மாணவரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. ஒருவருக்கு நோய் தெரியும், மற்றவருக்கு ஏடு தெரியும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் பெங்களூரில் இருந்தால், ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வீக்கம்’, ‘ரத்தசோகை’, ‘வலிப்பு’, ‘வளர்ச்சிக்குறை’ என்று எழுதப்பட்ட குழந்தைகளின் பெயர்களை மட்டும் தனியே பட்டியலிடுங்கள். நை ஐயுற்றதிலிருந்து ஹென்டர்சன் மெய்ப்பிக்கும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. நாம் இன்னும் பட்டியலையே தொடங்கவில்லை.

(பதிவேடுகள் எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருப்பதை அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் தெரிவித்தால் நன்றியுடையேன். நோயாளிகளின் பெயர்களைப் பொதுவெளியில் குறிப்பிட வேண்டாம்.)